காவிரிப் படுகைக் கல்லூரிகளின் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பக்கத்தில் மருத்துவமும் மருந்தியலும் உயிரித் தொழில்நுட்பமும் சொல்லித் தரும் கல்லூரிகள் பெருகிவிட்டன. அவற்றில் பலவற்றில் ஓர் அனிமல் ஹவுஸ் இருக்கிறது. உள்ளே வெள்ளை எலி, சுண்டெலி, முயல், சில இடங்களில் கினிப்பன்றி. எந்த ஆய்வுக்கு எந்த விலங்கு, எத்தனை என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படிச் சில குழுக்களில் கால்நடை மருத்துவராக நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கூட்டம் நடக்கும் அறையிலிருந்து எழுந்து கூண்டுகள் இருக்கும் அறைக்கு அடிக்கடி போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். கத்திரி வெயிலில் மத்தியானம் ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆய்வுக்கு விலங்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1921இல் டொரன்டோவில் நாய்களை வைத்து நடந்த வேலை இல்லாமல் அன்றைக்கு இன்சுலின் கைக்கு வந்திருக்காது. அதைத் தினமும் போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மாற்று வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டே ஆகவேண்டும் என்றால் குறைந்த எண்ணிக்கையில் முடி, அந்தச் சிலவற்றுக்கும் வலியையும் பயத்தையும் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1959இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆய்வு முடிந்த விலங்குக்கு மறுவாழ்வு என்பதை நம் நாட்டு வழிகாட்டுதல் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டது. இந்த நான்கும் விண்ணப்பப் படிவத்தில் ஏறிவிட்டன. கூண்டு வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு கேள்வி வரும். "குறுவைக்கும் சம்பாவுக்கும் வரப்பு பூரா கிட்டி வச்சு எலி பிடிக்கிற ஊரு சார் இது. வெள்ளை எலிக்கு மட்டும் என்ன இவ்வளவு கரிசனம்?" கேட்பவர்கள் பலரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். முளைவிட்ட நாற்றையும் பால் பிடித்த கதிரையும் எலி என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள். நியாயமான கேள்விதான், அதனால் பதிலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வயல் எலி தன் வளையைத் தானே தோண்டிக்கொள்கிறது. வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்குகிறது. தாகம் எடுத்தால் வாய்க்காலுக்குப் போகிறது. கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கிறது. கிட்டியில் மாட்டுகிற வரைக்கும் அதன் பாட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆய்வக எலிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. எப்போது விளக்கு அணைய வேண்டும், யாரோடு படுக்க வேண்டும், எந்தக் காற்றைச் சுவாசிக்க வேண்டும், எந்த நாளில் சாக வேண்டும் என்பது வரைக்கும் நாம் எடுத்துக்கொண்டோம். அவ்வளவையும் எடுத்துக்கொண்ட பிறகு "எலிதானே" என்று ஒதுங்க நமக்கு உரிமை இல்லை.

வெயிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அறை வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள்ளும், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. மே மாதத்தில் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வெளியே 38, 40 என்று போகும். அனிமல் ஹவுஸோ பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத இடத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும். பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரி பூராவும் அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கல்லூரியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏசியை அணைத்துவிட்டுப் போவது வழக்கமாகவே இருந்தது. கரண்ட் பில்லைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பதிவேட்டில் தினமும் காலை பத்து மணிக்கு 25 டிகிரி என்று அழகாக எழுதியிருந்தது. பத்து மணிக்கு அது உண்மைதான். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் இரண்டையும் காட்டும் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை ஒவ்வொரு அறையிலும் மாட்டி, இரண்டு எண்களையும் தினமும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு தாங்காவிட்டால் எச்சிலால் உடம்பை நனைத்துக்கொள்ளும், வால் வழியாகச் சூட்டை வெளியே விடும். முயலுக்கு அந்த வேலையைக் காது செய்கிறது. முப்பதைத் தாண்டினாலே முயல் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதே சமயம் ஏசியை 18இல் வைத்துவிட்டுப் போவதும் சரியில்லை. சுண்டெலிக்கு உண்மையில் இதமான சூடு முப்பதை ஒட்டியது. குளிரடித்தால் கூடு கட்டிக்கொள்ள அதற்குக் கிழித்த காகிதமாவது வேண்டும். முயலையும் சுண்டெலியையும் ஒரே அறையில் வைத்துவிட்டு இரண்டுக்கும் நல்லது செய்ய முடியாது.

அப்புறம் தண்ணீர். எலி உடம்பை எச்சிலால் நனைக்க வேண்டுமென்றால் முதலில் அது குடித்திருக்க வேண்டும். கூண்டின் மேல் கவிழ்த்து வைத்த பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். பார்க்கிறவர் "தண்ணி இருக்கு" என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் கடலோரப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. அந்த உப்பு எஃகுக் குழாயின் முனையில் வெள்ளையாகப் படிந்து, உள்ளே இருக்கும் சின்னக் குண்டு அசையாமல் ஒட்டிக்கொள்ளும். எலி நக்கி நக்கிப் பார்க்கும், சொட்டு வராது. பாட்டில் நிரம்பியிருப்பது நல்ல அறிகுறி இல்லை. நேற்று வைத்த மட்டத்திலேயே இன்றும் நின்றால் அந்தக் கூண்டில் ஏதோ கோளாறு. வளர்ந்த எலி ஒரு நாளைக்கு 20, 25 மில்லி குடிக்கும். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைக் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலி நூறு மில்லிக்கு மேலேயே குடிக்கும். ஒவ்வொரு குழாய் முனையையும் விரலால் தொட்டு, ஈரம் படுகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆளுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை உதவியாளரின் வேலை நேரத்தில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அதைச் செய்ய அவருக்கு நேரம் இருக்காது.

சர்க்கரை நோய் எலிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் எம்.பார்ம். (மருந்தியல் முதுகலை) மாணவர்கள் அதிகம் செய்வது இந்த ஆய்வுதான். ஏதாவது ஒரு மூலிகைச் சாறு, அது சர்க்கரையைக் குறைக்கிறதா என்ற கேள்வி, குழுவுக்கு ஆறு எலி, ஐந்து குழு, ஆக முப்பது எலி. அவ்வளவு குடிக்கிற எலி அவ்வளவும் சிறுநீர் கழிக்கும். கீழே விரித்திருப்பது உமி. நம் ஊரில் ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் மலிவாக மூட்டை மூட்டையாக வருகிறது. உமியில் தூசி அதிகம், ஈரத்தையும் சரியாக உறிஞ்சாது. வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றுவது என்ற கணக்கு மற்ற எலிகளுக்குச் சரியாக இருக்கலாம். இந்த எலிகளுக்கு ஒரே நாளில் அடிப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும். கூண்டின் தட்டைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனால் கண் எரியும். சிறுநீரிலிருந்து கிளம்பி நமக்கு நொடி நேரம் எரிகிற அந்த அமோனியா வாயுவில் எலி இருபத்து நான்கு மணி நேரமும் மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு இருக்கிறது. அமோனியா எலியின் மூச்சுக்குழலைப் புண்ணாக்கி மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நுரையீரல் நோயை முற்ற வைக்கும் என்பது கால்நடை மருத்துவப் பாடத்தில் பழைய செய்தி. உமியைச் சலித்துத் தூசி நீக்கி, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்து, சர்க்கரை நோய் எலிகளுக்குத் தினமும் மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் மக்காச்சோளத் தக்கைத் துருவலுக்கு மாறச் சொல்லுங்கள். அதற்கான செலவு ஆய்வின் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

இதில் விஞ்ஞானமும் அடங்கியிருக்கிறது. பயந்த எலிக்கு ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, கத்தக் கத்த ஊசி போட்டு, அடுத்த நிமிடம் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால், அந்த எண்ணில் மூலிகை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதில் ஒரு குழாய்க்குள் நடக்கவிட்டுத் தூக்கினால் அதன் பதற்றம் நன்றாகக் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2010இலேயே காட்டிவிட்டார்கள். இதற்கு இறக்குமதிச் சாமான் எதுவும் தேவையில்லை. பம்ப்செட் கடையில் கிடைக்கும் இரண்டு இன்ச் பிவிசி பைப்பை ஒரு ஜாண் நீளத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கூண்டுக்கு ஒன்று போட்டால் போதும். அதிலேயே அவை ஒளிந்துகொள்ளும், தூங்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்து உதவியாளர் ஒருவர் யாரும் சொல்லாமலே கொட்டாங்கச்சியை ஓரத்தில் வாசல் வெட்டி, ஆட்டோகிளேவ் செய்து கவிழ்த்து வைத்திருந்தார். ஆறு சுண்டெலியும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு தூங்கின. வெள்ளை எலிக்கும் வெள்ளைச் சுண்டெலிக்கும் கண்ணில் நிறமி கிடையாது, பளீர் டியூப் லைட் அதன் விழித்திரையையே கெடுக்கும். அந்த நிழலை யோசித்துக் கொடுத்தது ஆய்வாளர் இல்லை, அந்த உதவியாளர்.

அவர்களைப் பற்றி உங்கள் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. காலையில் வராண்டா பெருக்கி, லேபில் பாட்டில் கழுவி, நடுவில் எலிக்குத் தீனி. எந்தக் கூண்டில் எந்த எலி இரண்டு நாளாகச் சுருண்டு கிடக்கிறது, எதன் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகப் படிந்திருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று புது மாணவர்கள் பதறுவார்கள். அது கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டெரியன் சுரப்பியிலிருந்து வருகிற நிறமி. உடம்புக்கு முடியாத எலி முகத்தைத் துடைத்துக்கொள்வதை விட்டுவிடும், அதனால் அது படிந்து காய்ந்து நிற்கும். இதை அறிந்தவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தமிழிலேயே எழுதச் சொல்லி, அவர் எழுதியதைக் குழு படிக்க வேண்டும். எலிச் சிறுநீரிலுள்ள புரதம் மனிதருக்கு ஆஸ்துமா வரவழைக்கும். முகக்கவசமும் கையுறையும் அவர் சொந்தக் காசில் வாங்குகிற நிலைமை இருக்கக் கூடாது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால், இந்த உதவியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்யலாம். சான்றிதழோடு சம்பளமும் ஏற வேண்டும்.

விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. வீக்கம் குறைக்கும் மருந்தைச் சோதிக்க, கராஜீனன் என்ற பொருளை ஊசியில் போட்டு எலியின் பாதத்தை வீங்க வைக்கிற ஆய்வில் அளவெடுப்பு ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வீங்கிய காலோடு அது ஏன் கூண்டில் கிடக்கிறது? கண்ணுக்குப் பின்னாலிருந்து ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்றால் மயக்கம் யார் கொடுப்பார், எந்த மருந்து? கால் ரத்தக்குழாயிலோ வால் ரத்தக்குழாயிலோ எடுத்தால் போதாதா? கடைசியில் விலங்கை முடிக்க ஈதர் என்ற பழைய மயக்க மருந்தை எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈதர் மூச்சுப் பாதையை எரிக்கும், தீயும் பிடிக்கும், அதைவிட நல்ல மருந்துகள் எப்போதோ வந்துவிட்டன. வலியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றும் கேளுங்கள். கண் பாதி மூடி, காது பின்னால் திரும்பி, மூக்கும் கன்னமும் வடிவம் மாறி இருக்கிற முகத்தைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் முறையை மெக்கில் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிக்கு 2010இலும் எலிக்கு 2011இலும் கொண்டுவந்தார்கள். ஒரு படத்தாள் சுவரில் ஒட்டினால் முதுகலை மாணவர் அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். ஏற்கெனவே பத்துப் பேர் வெவ்வேறு ஊரில் செய்து முடித்த அதே செடி, அதே சாறு, அதே முப்பது எலி என்றால், "இதில் புதிதாக என்ன தெரியப் போகிறது தம்பி?" என்று கேட்கத் தயங்காதீர்கள். பட்டம் வாங்க ஓர் ஆய்வு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு எலி சாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

மாற்று வழிகள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியல் வகுப்புகளில் அறுவைப் பயிற்சியை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. விலங்கில்லாச் சோதனை முறைகளைப் புது மருந்து விதிகள் 2023இல் ஏற்றுக்கொண்டன. தவளையின் இதயத்தையும் முயலின் கண்ணையும் கணினித் திரையில் காட்டிப் பாடம் நடத்தும் எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் நம் பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரில் உருவானது. வகுப்பறைக்கு உயிருள்ள முயலைக் கொண்டுவர இனிக் காரணமே இல்லை.

சட்டத்தை நம்பி இருக்கலாமா என்றால், 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுக்கு அனுமதி கொடுத்து, மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் வைத்தது. அந்தக் குழுவின் ஆணையை மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இன்றைக்கு அது ஒரு மூட்டை எலித் தீவனத்துக்கும் காணாது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் கற்றவர், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவர். நம் மண்ணின் ஆட்டத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர் என்று அவரை மேடைக்கு மேடை கொண்டாடுகிறோம். அவர் வாயில்லாத உயிர்களுக்காக அவையில் எழுந்து நின்றதையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும். அபராதம் 200 ரூபாய் என்கிற நிலையில், கூண்டுக்குள் இருக்கும் உயிருக்கு உண்மையான காவல் உங்கள் கையெழுத்து மட்டும்தான். முக்கியமாக, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள உறுப்பினர் என்று ஒருவரை விதிகள் உங்கள் குழுவில் வைத்திருக்கின்றன. அந்த நாற்காலியில் இருப்பவருக்கு: ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, புரியவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள் ஐயா, அம்மா. "இதுக்கு வலிக்குமா? வலிச்சா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடைசியாகப் புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. அதற்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மரம் விழுந்து சாலை அடைத்துக் கிடந்தது. அப்படி ஒரு நாளில் உதவியாளர் தன் வீட்டுக் கூரையைப் பார்ப்பாரா, கல்லூரிக்கு வருவாரா? வர முடியாது, வரச் சொல்லவும் கூடாது. 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தரைக்குக் கீழிருந்த அறைகளில் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கான சுண்டெலிகள் கூண்டுக்குள்ளேயே மூழ்கின. வசதிக்குக் குறைவில்லாத இடத்தில் நடந்தது அது. நம் கல்லூரிகளில் ஜெனரேட்டர் தேர்வு அறைக்கும் முதல்வர் அறைக்கும் இருக்கிறது, அனிமல் ஹவுஸுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யார் இரண்டு பாட்டில் தண்ணீர் வைப்பது, ஒரு வாரத் தீவனம் எந்த அறையில் ஈரம் படாமல் இருக்கும், கல்லூரிக்கு நடந்து வரும் தூரத்தில் யார் குடியிருக்கிறார்கள், யாரும் வர முடியாமல் போய் விலங்குகள் துடிக்க நேர்ந்தால் வலியில்லாமல் முடிக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பு உங்கள் குழு ஒருமுறை கூடும். அந்தக் கூட்டத்தில் புதிய விண்ணப்பங்களை எடுப்பதற்கு முன் இந்தப் புயல் திட்டத்தை முடித்து, விடுமுறை நாட்களுக்கான முறைப் பட்டியலையும் இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் அனிமல் ஹவுஸ் கதவில் ஒட்டச் செய்யுங்கள். உதவியாளரையும் அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
தஞ்சாவூர்